வாசகர் கேள்விகள்: மாரி செல்வராஜ் படத்துப் பெண்கள்

கேள்வி: மாரி செல்வராஜ் படங்களில் பெண்களுக்கு இடமே இல்லை என்று வகுப்பில் ஒரு பேச்சு. கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். கதாநாயகி எத்தனை நிமிடம் வருகிறாள் என்று கணக்கெடுத்தால் போதுமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நிமிடக் கணக்கு ஏமாற்றும். இரண்டு பாட்டு வந்தாலே கணக்கு ஏறிவிடும். பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை நிறுத்தாமல். அடுத்த தடவை, பெண் வரும் காட்சி ஒவ்வொன்றிலும் நிறுத்தி நோட்டில் மூன்று கட்டம் நிரப்புங்கள்: பிழைப்புக்கு என்ன செய்கிறாள், நடப்பதில் அவளுக்கு எவ்வளவு தெரியும், அவள் எடுத்த முடிவால் கதையில் என்ன மாறியது.

நடுக்கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. ‘பரியேறும் பெருமாள்’ (2018) நாயகி ஜோ, நாயகன் பரியனுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். அங்கே அவள் சொந்தக்காரர்கள் அவனை அடித்து அவமானப்படுத்தியது நமக்குத் தெரியும். படம் முடிகிறவரை அவளுக்குத் தெரியாது. மேல்சாதியில் பிறந்தவர் எதுவும் அறியாமலே வாழ்ந்துவிடலாம் என்பதைக் காட்டத்தான் இப்படி என்று வாதாடலாம்; நியாயமான வாதம்தான். ஆனால் தெரிந்திருந்தால் ஜோ என்ன செய்திருப்பாள்? படம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் பேசுகிறவர்களும் அவள் அப்பாவும் பரியனும்தான்.

‘மாமன்னன்’ (2023) லீலாவுக்கு மூன்றாவது கட்டம் முதலில் நன்றாக நிறையும். அவள் நடத்தும் இலவசப் பயிற்சி மையத்தை ஒட்டித்தான் மோதலே மூளுகிறது. இடைவேளைக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் எழுத அதிகம் கிடைக்காது.

கேள்வி: காதலியைவிட அக்கா பாத்திரம்தானே இவர் படங்களில் மனசில் நிற்கிறது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஆமாம். காரணம், அக்காவின் கையில் வேலை இருக்கிறது. ‘வாழை’ (2024) வேம்பு வாழைத்தார் சுமக்கிறாள். கூலியைக் கூட்டிக் கேட்டவர்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறார்கள், லாரி கவிழ்கிறது. அவள் சாவுக்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. இதை விட்டுவிட்டுத் ‘தியாகச் சுடர்’ என்று எழுதினால் கட்டுரை கெட்டது. ‘கர்ணன்’ (2021) படத்தில் காதலியாக வந்த ரஜிஷா விஜயன், ‘பைசன்’ (2025) படத்தில் அக்காவாக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

‘கர்ணனில்’ இன்னொன்றும் உண்டு. வலிப்பு வந்த சிறுமி, பஸ் எதுவும் நிற்காததால் ரோட்டிலேயே சாகிறாள். பிறகு முகமூடி அணிந்த தெய்வமாக வருகிறாள். துர்மரணமடைந்த பெண்பிள்ளைக்குப் பீடம் போட்டுக் கொடை (கோயில் விழா) கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்தான், இயக்குநர் இட்டுக்கட்டியதல்ல. என்ன, வில்லுப்பாட்டில் அந்தப் பிள்ளையின் கதையை விடிய விடியப் பாடுவார்கள். இங்கே அவள் சும்மா நிற்கிறாள்.

கேள்வி: பரியனின் அப்பா பெண் வேடமிட்டு ஆடுகிறவர். அவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: கட்டாயம். வண்ணாரப்பேட்டை தங்கராஜ் நடித்த பாத்திரம். அவர் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியில், சாதி வெறியோடு பெண் வேடத்தின் மீதுள்ள இளக்காரமும் கைகோத்திருக்கிறது. தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஜோவோடு கலக்க வேண்டாம்.