சேறு ஓடையில் கலந்ததாக நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த நோட்டீஸை எதிர்க்க முடியுமா?

எதிர்க்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எதை எதிர்ப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் திறந்தவெளிச் சுரங்கம். மழையில் மண்மேட்டிலிருந்து சேறு இறங்கி ஓடையில் கலந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இழப்பீடு கேட்டிருக்கிறது. பதில் எழுதும் பொறுப்பு டெல்லி அலுவலகத்தில் இருக்கும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இவ்வளவும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. நானும் டெல்லியில் இத்தகைய வழக்குகளுக்குத் தொழில்நுட்ப அறிக்கை எழுதுகிறவன்தான். சேறு இறங்கியது உண்மையானால் அதை மறுக்காதீர்கள். மாதிரி எடுத்த முறையையும் நாள் கணக்கையும் கேள்வி கேளுங்கள்.

முதலில் மாதிரி. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எழுத்தெண்ணிப் படியுங்கள். பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாக அதிகாரி அந்த இடத்திலேயே நோட்டீஸ் தர வேண்டும். உங்கள் ஆள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வறிக்கை சட்ட நடவடிக்கையில் சான்றாக நிற்காது. எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். கரையாத திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று நிலக்கரிச் சுரங்கங்களுக்கான மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு அறிவிக்கை வைத்த வரம்பு, சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீருக்கானது. வண்டல் அடியில் தங்குவதற்காக நீரைத் தேக்கும் படிவுக் குளத்துக்குள் நுழையும் வாய்க்காலில் குப்பியை முக்கி எடுத்திருந்தால், அந்த எண் உங்கள் குற்றத்தைக் காட்டவில்லை.

அடுத்தது பணம். இழப்பீட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சூத்திரம் ஐந்து எண்களின் பெருக்கல்: மாசுக் குறியீடு, நாள்கள், ரூபாய் மதிப்பு, தொழிலின் அளவு, இருப்பிடம். மாசு அதிகமுள்ள தொழில்கள் அடங்கிய சிவப்புப் பிரிவுக்குக் குறியீடு 80, ரூபாய் மதிப்பு வழக்கமாக 250, பெரிய நிறுவனத்துக்கு 1.5, பக்கத்தில் பெருநகரம் இல்லையென்றால் 1. பெருக்கினால் நாளொன்றுக்கு 30,000 ரூபாய். மற்ற எண்களில் அசைக்க அதிகம் இல்லை; நாள் கணக்கில்தான் லட்சங்கள் இருக்கின்றன. மீறல் கண்ட நாள் அல்லது கெடு முடிந்த நாள் முதல், சரிசெய்ததை வாரியம் சோதித்து உறுதிசெய்யும் நாள் வரை எண்ணுகிறார்கள். நீங்கள் பத்தே நாளில் தூர்வாரி முடித்திருக்கலாம்; அதிகாரி மூன்று மாதம் கழித்து வந்தால் மூன்று மாதமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். வேலை முடிந்த அன்றே கடிதம் கொடுத்து, ஆய்வுக்கு வரச்சொல்லி ஒப்புகைச் சீட்டு வாங்கியிருந்தால் அந்த ஒரு தாளே உங்கள் பலம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே கொடுங்கள்.

'வரலாறு காணாத மழை' என்ற வாதத்தை நம்பாதீர்கள். 50 ஆண்டு மழைத் தரவில் உச்ச மழையைக் கணக்கிட்டு, அதற்கு மேல் 50 சதவீதம் கூடுதல் கொள்ளளவு குளத்துக்கு வைக்க வேண்டும் என்பது சுரங்க அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. உங்கள் அனுமதிக் கடிதத்திலும் அது இருக்கும், தேடிப் பாருங்கள். காகிதத்தில் பெரிய குளம் இருந்தாலும் உள்ளே வண்டல் நிறைந்திருந்தால் கொள்ளளவு ஏது? நான் பார்த்த ஒரு குளத்தில் நடுவில் ஆளுயரக் கோரைப்புல் நின்றது. தண்ணீர் ஓரமாக ஒரு முழ அகல ஓடையாய் வளைந்து, வந்த நிறத்திலேயே மறுபக்கம் வெளியேறியது. அந்தச் சுரங்கத்தின் தூர்வாரும் பதிவேட்டில் மாதந்தோறும் கையெழுத்து இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

குளம் சுத்தமாக இருந்தாலும் களிமண் எளிதில் படியாது. மெல்லிய மணல் ஒரு மீட்டர் இறங்கச் சில நிமிடம் போதும். நுண்ணிய களிமண் துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டை உரைப்பதுபோல, நுழைவாயிலில் படிகாரம் சேர்த்தால்தான் வேகமாகத் தெளியும். அந்தப் பக்கத்து ஓடைகள் ரிஹந்த் நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. அந்தத் தண்ணீரை நம்பி ஊர்கள் இருக்கின்றன என்பதைப் பதில் எழுதும்போது மறக்காதீர்கள்.

இழப்பீடு விதிக்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லை என்ற பழைய வாதமும் இனி எடுபடாது. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையை விதிகளில் வகுத்து, உங்கள் தரப்பைக் கேட்பது போன்ற இயற்கை நீதியைக் காத்துத்தான் விதிக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்களுக்கு உதவுவது இந்தப் பகுதி. மெய்ப்பிக்கும் பொறுப்பை வாரியத்தின் மீது தள்ளவும் பார்க்காதீர்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996 வேலூர் தீர்ப்பு அதைத் தொழில் நடத்துகிறவர் மீதே வைத்தது.

வாரியத்தின் உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அனுமதிப்பார்கள், அதற்கு மேல் கிடையாது. உத்தரப் பிரதேசம் என்பதால், டெல்லி கோபர்நிகஸ் மார்க்கில் ஃபரித்கோட் இல்லத்தில் இருக்கும் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வுக்குப் போக வேண்டும். சுரங்கம் எல்லை தாண்டி மத்தியப் பிரதேசத்தில் இருந்திருந்தால் போபால் அமர்வு.

இப்போதைக்கு நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் பதில் போக வேண்டும். மழைமானிப் பதிவு, தூர்வாரிய தேதியிட்ட படங்கள், குளத்தின் இப்போதைய ஆழ அளவீடு ஆகியவற்றை இணையுங்கள். நேரில் விசாரணை வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு, வாய்ப்புத் தரவில்லை என்று தீர்ப்பாயத்தில் போய்ச் சொன்னால் அந்த வாதம் வலுவிழந்துவிடும்.