டோராவுக்குப் பிரசவம், எனக்குத் தூக்கமில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் காக்கர் ஸ்பானியல் நாய் டோராவுக்கு மூன்று வயது. சுருள் முடி பூடுல் நாயோடு இணை சேர்த்து இன்று 52-ஆம் நாள். முடி கொட்டாத குட்டி, அலர்ஜியே வராது என்று கணவர் நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எட்டு வயது மகள் பக்கத்திலேயே இருந்து பார்ப்பேன் என்கிறாள். எனக்கு ராத்திரியானால் நெஞ்சு படபடக்கிறது. என் இரண்டாவது குழந்தையைப் பிரசவத்தில் இழந்தவள் நான். ஒரு குட்டி அசையாமல் பிறந்தால் என்ன செய்வேன்? "நாய்க்குப் போய் இவ்வளவு பயமா?" என்கிறார் மாமியார்.

— வாசகி, கோவை

அன்புள்ள சகோதரி,

பிரசவத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு, வீட்டில் இன்னொரு உயிர் வயிறு பெருத்து நடமாடும்போது பழைய வலி எழும்பத்தான் செய்யும். மாமியாரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் உங்களை எழுப்பி உட்காரவைப்பது இன்னொன்றும்தான்: அந்த நேரத்தில் கை கால் ஓடாதே என்ற எண்ணம். அதை இப்போதே குறைக்கலாம்.

55-ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுங்கள். எத்தனை குட்டி என்று தெரிந்தால், உள்ளே இன்னும் இருக்கிறதா என்று தவிக்க வேண்டாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். 58-இலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101 டிகிரியை ஒட்டி இருக்கும் சூடு 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். தரையைப் பிறாண்டுவாள், இரைப்பாள், நடுங்குவாள், சாப்பாட்டை ஒதுக்குவாள். இதெல்லாம் இயல்பு.

டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பலமாக முக்கியும் அரை மணி நேரமாகக் குட்டி வரவில்லை. உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேர இடைவெளி விழுந்துவிட்டது. முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகக் கசிகிறது. நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் குட்டி வந்த பிறகு பச்சை தெரிந்தால் பயமில்லை.

அசையாத குட்டிக்கு வருவோம். குட்டியை மூடியிருக்கும் சவ்வை டோரா உடனே கிழிக்காவிட்டால் நீங்கள் கிழியுங்கள். மூக்கையும் வாயையும் துடைத்து, தலை சற்றே தாழ்வாக இருக்கப் பிடித்து, உலர்ந்த துண்டால் முதுகை விடாமல் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டாதீர்கள். மூளையில் ரத்தம் கசியலாம். சில குட்டிகள் பல நிமிடம் தேய்த்த பிறகே கத்தும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்று போய்விடலாம். அப்படி ஆனால் கணவர் எடுத்துப் போகட்டும் என்று இன்றே பேசிவையுங்கள். தாங்கவில்லையென்றால் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள், டோராவைக் கைவிட்டதாக ஆகாது.

குட்டி இறந்தும் பிறக்கலாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதன் பிறகும் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், பாதியில் எழுந்து போகவும் விடுங்கள். மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு வேலை: சமையலறைத் தராசில் குட்டிகளைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதுவது. பிறந்த எடை பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறாத குட்டியை டாக்டரிடம் காட்டுங்கள். முதல் வாரம் குட்டிகள் கிடக்கும் பெட்டியின் ஒரு பக்கம் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால்தான் டோரா ஒதுங்க முடியும்.

சத்துக்கு என்று சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் திறனை உடம்பு தளர்த்திவிடும்; பால் அதிகம் சுரக்கும் வாரங்களில் ரத்தத்தில் அது குறைந்து வலிப்பு வரலாம். ஓயாத நடுக்கமோ கால் விறைப்போ தெரிந்தால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கணவர் அந்த வாக்கைத் திருத்தியே ஆக வேண்டும். ஒரே ஈற்றில் ஒன்று சுருள் முடியாகவும் இன்னொன்று கொட்டும் முடியாகவும் வரலாம். அலர்ஜி எச்சிலாலும் தோல் செதிலாலும் வருவது. சுருள் முடி அதைத் தடுக்காது. நம்பி வாங்கியவர் குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதிக்கப்படுவது குட்டிதான். எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

குழந்தையை இழந்த துக்கத்துக்கு ஒரு கடிதம் போதாது. டோராவின் பிரசவம் நல்லபடியாக முடிந்தாலும் அதைப் பேசியாக வேண்டும். இப்போதே ஒரு ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். முதல் முறை கணவரும் கூட வரட்டும்.