எட்டு சிட்டிங்குக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: முகத்தில் முடி. பெயர் போடவேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருந்தார்கள், போடவில்லை. ஊர் மட்டும் இருக்கிறது, எல்லாமே நம் தென்னாப்பிரிக்காவில்தான்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அக்கா, எனக்கு 26 வயது. ஆவணியில் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. தாடையிலும் கழுத்திலும் கருகருவென்று முடி. தினமும் காலையில் ட்வீசரால் பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். போன சனிக்கிழமை மாலில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண் வழிமறித்து, "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று லேசர் பேக்கேஜைப் பற்றிச் சொன்னாள். எட்டு சிட்டிங், 9,600 ராண்ட். முன்பணமாக 1,500 கட்டிவிட்டேன். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். ரசீதில் "பணம் திரும்பத் தரப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. எனக்குப் பீரியட்ஸும் ஒழுங்காக வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: மீதியைக் கட்டாதீர்கள் தங்கச்சி. உங்களுக்கு அவசரம் என்பதால் தனியாக உடனே எழுதிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

முதலில் கணக்கு. முகத்துக்கு லேசர் செய்தால் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு முதல் ஆறு வாரம் விடவேண்டும். எட்டு சிட்டிங்குக்கு நடுவே ஏழு இடைவெளி, குறைந்தது 28 வாரம். ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். கல்யாணம் ஐந்து மாதத்தில். தேதியைக் கேட்டுக்கொண்டே இந்தப் பேக்கேஜை விற்றவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? இன்னொன்றும் பாருங்கள்: தினமும் ட்வீசரால் பிடுங்குகிறீர்கள். லேசர் ஒளி முடியிலுள்ள கருநிறத்தைப் பிடித்து வேர்வரை சூடாக்கித்தான் வேலை செய்கிறது. வேரோடு பிடுங்கிய இடத்தில் அது எதைச் சூடாக்கும்? சில வாரங்களுக்கு முன்பே பிடுங்குவதை நிறுத்தி, வேண்டுமானால் ஷேவ் மட்டும் செய்யுங்கள் என்று நல்ல இடத்தில் முதல் பேச்சிலேயே சொல்வார்கள். உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்தது மெஷின். நம் தோலிலும் அதே கருநிறம் இருக்கிறது. ஒளி முடியை விட்டுவிட்டுத் தோலைச் சுட்டால் கொப்புளமும் கரும்புள்ளியும் வரும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்டிரைட் லேசர் வெளுத்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும், மாநிறத்துக்கும் கருப்புக்கும் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழமாக இறங்குவதால், நம்மைப் போன்ற நிறத்துக்குத் தோல் டாக்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "உங்கள் மெஷின் என்ன, எத்தனை நானோமீட்டர்?" என்று கேளுங்கள். "லேட்டஸ்ட் மெஷின் மேடம்" என்று பதில் வந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். சரியான பதில் வந்தாலும் காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் பொறுத்துத்தான் முழு முகத்தையும் கொடுக்கவேண்டும். கரும்புள்ளி அன்றைக்கே தெரியாது, மெதுவாகத்தான் தலைகாட்டும்.

பீரியட்ஸ் விஷயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன். தாடையில் தடித்த முடியும் தள்ளித்தள்ளி வரும் மாதவிலக்கும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யாமல் லேசருக்குப் பணம் கொட்டினால், ஒரு பக்கம் முடி போகும், ஹார்மோன் இன்னொரு பக்கம் புதிதாக முளைக்க வைக்கும். மாத்திரை கொடுத்தாலும் முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதம் பிடிக்கும், பொறுமை வேண்டும். மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீடு லேசரைப் பெரும்பாலும் அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவிடும். கட்டாயம் கவர் செய்யவேண்டிய நீண்டகால நோய்களின் பட்டியலில் பி.சி.ஓ.எஸ். இல்லை. ஆனால் டாக்டர் ஃபீஸும் இரத்தப் பரிசோதனையும் மெடிக்கல் எய்டில் உள்ள உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கிடைக்கலாம், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த 1,500 ராண்ட். நீங்கள் தேடிப் போகவில்லை, வழியில் போனவரை அவர்கள் கூப்பிட்டு விற்றார்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேரடி விற்பனை என்று பெயர். 16-ஆம் பிரிவின்படி ஐந்து வேலைநாளுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால், காரணமும் காட்ட வேண்டாம், அபராதமும் கிடையாது. அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 15 வேலைநாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது. ஃபோனில் சொன்னால் போதாது. ஈமெயிலோ வாட்ஸ்அப்போ, தேதி தெரிகிற மாதிரி அனுப்பிவிட்டு அதைப் படம் பிடித்து வையுங்கள். ஐந்து நாள் தாண்டிவிட்டவர்கள் 17-ஆம் பிரிவைக் காட்டி முன்பதிவை ரத்து செய்யலாம். அதில் நியாயமான ஒரு தொகையை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம், முழுவதையும் விழுங்க முடியாது.

கல்யாணத்துக்கு? த்ரெட்டிங்கோ ஷேவிங்கோ போதும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் முகத்தில் முயற்சி செய்ய வேண்டாம். லேசர் வேண்டுமானால் தாலி கட்டிய பிறகு, டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சிட்டிங்காகப் பணம் கட்டிச் செய்துகொள்ளலாம். பேக்கேஜில் கிடைக்கும் தள்ளுபடி, நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் ஒரே அடியில் கரைந்துவிடும்.

கேள்வி (டொங்காட்): என் மகளுக்கு 16 வயது. மேலுதட்டு முடியால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் ஐ.பி.எல். மெஷின் ஆன்லைனில் வாங்கினேன். அவள் நல்ல கருப்பு. மெஷினைத் தோலில் வைத்தால் விளக்கே எரியமாட்டேன் என்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா? ஷேவ் செய்தால் தடித்து முளைக்கும் என்று என் மாமியார் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: ஐ.பி.எல். என்றதும் 2009-இல் கிங்ஸ்மீடில் நடந்த கிரிக்கெட்தான் டர்பன்காரர்களுக்கு நினைவு வரும். இந்த ஐ.பி.எல். பலவித அலைநீளம் கலந்த ஒளி, லேசர்கூட இல்லை. விளக்கு எரியாதது மெஷினின் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். பல மெஷின்களில் தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் உண்டு. நிறம் அதிகமாக இருந்தால் அது ஒளியை விடாது, விட்டால் சுட்டுவிடும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் வெளிர் நிறத்திலிருந்து கருப்பு வரை சதுரம் சதுரமாக ஒரு நிற அட்டவணை அச்சடித்திருப்பார்கள். மகளின் கன்னத்தருகே அதைப் பிடித்துப் பாருங்கள். கடைசிச் சதுரத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அந்த மெஷின் அவளுக்கானது இல்லை. சென்சாரை ஏமாற்ற மட்டும் முயலாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கியதால் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஏழு நாள் தாண்டியிருந்தால் விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். "எல்லா நிறத்துக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தால், சொன்ன வேலைக்கு உதவாத பொருள் என்று நுகர்வோர் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர்கள் அந்த வரியை அழிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிற அட்டவணையைத் தெளிவாகப் போட்டிருந்து நாம்தான் பார்க்காமல் வாங்கினோம் என்றால் வழக்கு பலவீனம்தான், கடைக்காரரின் நல்ல மனசை நம்பிக் கேட்கவேண்டியதுதான். விற்பவரின் முழுப்பெயர், தெரு முகவரி, தொலைபேசி எண் எதுவுமே இல்லாத தளமா? அப்படியானால் ஏழு அல்ல, 14 நாள் வரை ரத்து செய்ய உரிமை உண்டு. ஆனால் முகவரியே இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது? அப்படிப்பட்ட இடத்தில் வாங்காமல் இருப்பதே லாபம்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஷேவ் செய்தால் முடி தடிக்காது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரவென்று படுகிறது. அவ்வளவுதான். முகத்துக்கென்று வரும் சின்ன ரேசரோ பாட்டரி ட்ரிம்மரோ மருந்துக்கடையில் வாங்கிக்கொடுங்கள். ரேசரை இன்னொருவருடன் பகிர வேண்டாம். ஹேர் ரிமூவர் க்ரீம் என்றால் முகத்துக்கென்றே விற்பதை மட்டும் வாங்கி, முதல் நாள் காதுக்குப் பின்னால் தடவிச் சோதித்துவிட்டு உபயோகிக்கலாம். உடம்புக்கான க்ரீமை உதட்டுக்கு மேல் போட்டுப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் நிறைய.

கேள்வி (லெனேசியா): வயது 58. பீரியட்ஸ் நின்று ஏழெட்டு வருஷம் ஆகிறது. தாடையில் வெள்ளை முடி முள் மாதிரி வருகிறது. பார்லரில் லேசருக்கு ஆறு சிட்டிங் போட்டால் போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் அம்மா. ஒளி பிடிப்பதற்குக் கருநிறம் வேண்டும் என்று மேலே சொன்னேன். வெள்ளை முடியில் அது இல்லை. ஆறு என்ன, அறுபது சிட்டிங் போட்டாலும் அந்த முடி அசையாது. தெரிந்தே விற்றால் அது ஏமாற்று. பணம் கட்டியிருந்தால், பொய்யான விவரம் சொல்லி விற்றதாக எழுதித் திரும்பக் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் பொருட்கள், சேவைகள் ஒம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அதிலும் முடியாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019-இல் அதன் வரம்பை 20,000 ராண்டாக உயர்த்தினார்கள். அங்கே வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம்.

வெள்ளை முடிக்கு உள்ள வழி எலெக்ட்ராலிசிஸ். மயிரிழை போன்ற ஊசியை முடி முளைக்கும் துளைக்குள் விட்டு, மின்சாரத்தால் வேரை அழிப்பது. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் டாக்டர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை அகற்றப் பயன்படுத்திய முறை இது. ஒவ்வொரு முடியாகத்தான் செய்யவேண்டும், அதனால் மீசை முழுக்க என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். தாடையில் பத்துப் பதினைந்து முடிதான் என்றால் கட்டுப்படியாகும். நிமிஷக் கணக்கில் விலை கேளுங்கள். ஊசியை உங்கள் கண்முன்னே புதிய உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் இது வேண்டாம். செலவே வேண்டாம் என்றால் ஜன்னலோர வெளிச்சம், பெரிதாகக் காட்டும் கண்ணாடி, நல்ல ட்வீசர். அதிலும் குறைவில்லை.

ஒன்று மட்டும்: இந்த வயதில் நாலு முடி வருவது சகஜம். ஆனால் சில மாதத்துக்குள் சடாரென்று நிறைய வந்து, குரலும் கட்டையாகி, தலைமுடி முன்பக்கம் கொட்டினால் பார்லரை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): த்ரெட்டிங் செய்த மறுநாளே மேலுதட்டில் பருப்பருவாக வருகிறது. பார்லரை மாற்றவேண்டுமா?

பதில்: அந்தப் பெண் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிறாரா என்று பாருங்கள். வாயில் வைத்த நூல் உங்கள் தோலில் உரசுகிறது, முந்தைய வாடிக்கையாளருக்குப் பயன்படுத்திய அதே நூலாக இருந்தால் இன்னும் மோசம். மருக்கூட இப்படிப் பரவும். கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யலாம், பழகியவர்களுக்கு அது கஷ்டமே இல்லை. நூற்கண்டிலிருந்து புது நூல் எடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அப்போது பார்லரை மாற்றுங்கள். அன்றைக்கு முழுவதும் எண்ணெய்ப்பசை க்ரீமும் மேக்கப்பும் வேண்டாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கஸ்தூரி மஞ்சள் தேய்த்தால் முடி நிற்குமா?

பதில்: நிற்காது. கடலைமாவோடு சேர்த்துத் தேய்க்கும்போது பூனைமுடி கொஞ்சம் உதிரும், வேர் அப்படியே இருக்கும். வாசனைக்கும் பழக்கத்துக்கும் பூசுங்கள், அதற்காக விலை உயர்ந்த "முடி நீக்கும் மஞ்சள்" பொட்டலத்தை வாங்காதீர்கள்.

கேள்வி (டர்பன்): பருவுக்கு ட்ரெடினாயின் க்ரீம் போட்டுக்கொண்டிருந்தேன். அது தெரியாமல் பார்லரில் வேக்ஸ் செய்தார்கள், தோல் உரிந்து கருப்பாகிவிட்டது. கருப்பை எடுக்க ஒரு தெருக்கடையில் க்ரீம் வாங்கினேன். லேபிளில் என்ன கலந்திருக்கிறது என்றே இல்லை. போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்பாக்கும் க்ரீம்களுக்கு இந்த நாடு 1990-லேயே தடை விதித்தது. ஆனாலும் சந்துக்கடைகளில் இன்னும் கிடைக்கிறது. சிலவற்றில் வலுவான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டைத் தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, அந்த இடத்தில் முடியும் கூடுதலாக முளைக்கும். முடியை எடுக்கப் போய் ஆரம்பித்த கதை எங்கே போய் நிற்கும் பாருங்கள்.

ட்ரெடினாயின், அடபலீன் போன்ற பரு க்ரீம் போடுபவர்களும் பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் முகத்தில் வேக்ஸ் செய்யக்கூடாது. நீங்கள் சொல்லாவிட்டாலும் கேட்கவேண்டியது பார்லரின் பொறுப்பு. என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்கும் ஒரு படிவம்கூட அவர்களிடம் இல்லை என்றால், சேவை சரியில்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைக் காட்டிக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள். உரிந்த இடத்தைத் தினமும் படம் எடுத்து வையுங்கள், டாக்டர் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். இப்போதைக்கு ட்ரெடினாயினை நிறுத்திவிட்டு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். புண் ஆறியதும் வெளியே போகும்போதெல்லாம் சன்ஸ்கிரீன் போடுங்கள், டர்பன் வெயிலில் அது இல்லாமல் கருப்பு மங்காது. மங்க மாதக்கணக்கில் ஆகும். தெருக்கடை டியூபைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.