ஐந்து டொலர் மேசையிலிருந்து எப்போது எழும்பலாம்?

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறேன், வயது 26. சின்ன வயதிலிருந்து 304 சீட்டு விளையாடிப் பழகியவன். ஏழு மாதமாக இணையத்தில் போக்கர் ஆடுகிறேன்: ஆறு பேர் மேசை, பிளைண்ட் (சீட்டுப் பார்க்க முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) 2 சதம், 5 சதம்; பெரியது பிக் பிளைண்ட். 60 டொலருடன் தொடங்கினேன், இப்போது கணக்கில் 116 டொலர் இருக்கிறது. 14,000 கை, அதாவது அத்தனை சுற்று, ஆடியிருக்கிறேன். 100 கைக்கு 8 பிக் பிளைண்ட் லாபம் என்று காட்டுகிறது. கீழ் மேசைகளில் எதற்கெடுத்தாலும் கோல் பண்ணுகிறார்கள் (எதிராளி கட்டிய பந்தயத்துக்குச் சமமாகக் காசு போடுகிறார்கள்), மேலே போனால்தான் திறமைக்கு மதிப்பு, நேரே 10–25 சத மேசைக்கு ஏறு என்கிறான் நண்பன். சேமிப்பிலிருந்து இன்னும் 30,000 ரூபா போட்டு ஏறலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மேசைக்கு இப்போது போகாதீர்கள், சேமிப்பையும் தொடாதீர்கள்.

ஒரு மேசையில் உட்கார வழக்கமாகக் கொண்டுபோவது 100 பிக் பிளைண்ட். உங்கள் மேசையில் அது 5 டொலர், நண்பன் சொல்லும் மேசையில் 25 டொலர். 30,000 ரூபாவைச் சுமார் 100 டொலர் என்று வைத்தால் கையில் 216 டொலர் சேரும். 25 டொலர் மேசையில் ஒன்பது தரம் உட்காரக்கூட அது காணாது. நன்றாக ஆடுகிறவருக்கும் பத்துத் தரம் உட்காரும் காசு தொடர்ந்து போகிற காலம் வரும். உங்களுக்கு வந்தால் அதோடு கணக்கு முடிந்துவிடும்.

அந்த 8 பிக் பிளைண்ட் லாபத்தையும் கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம். ஆறு பேர் மேசையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். நடுவில் 90 என்று எடுத்தால், 14,000 கைக்குப் பிறகும் உங்கள் சராசரி ஏழு எட்டு பிக் பிளைண்ட் மேலேயோ கீழேயோ விலகியிருக்கலாம். அதாவது உங்கள் உண்மையான லாபம் 16 ஆகவும் இருக்கலாம், வெறும் பூச்சியமாகவும் இருக்கலாம். 1,00,000 கை ஆடினால் அந்த விலகல் மூன்றளவுக்குச் சுருங்கும். ஏழு மாத உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் தோற்கிறவர் இல்லை என்பதற்கு நல்ல அறிகுறி தெரிகிறது, ஆனால் அதை நம்பிச் சேமிப்பை இறக்குமளவுக்கு இல்லை.

நண்பன் சொன்ன காரணம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நல்ல சீட்டு வந்து பந்தயம் கட்டும்போது எதற்கும் கோல் பண்ணுகிற ஆளைப் போல வருமானம் தருகிறவர் வேறு யார்? அவரிடம் வெல்லத் தெரியாவிட்டால், யோசித்து ஆடுகிறவரிடம் எப்படி வெல்வது? இன்னொன்று, வீட்டுத் திண்ணையில் 304 ஆடும்போது பாய் விரித்தவருக்கு யாரும் பங்கு கொடுப்பதில்லை. இங்கே பொட் ஒவ்வொன்றிலும், அதாவது ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயக் காசில், தளம் ரேக் என்று ஒரு பங்கு எடுக்கிறது, பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டி. அதற்கு உச்ச வரம்பு இருப்பதால் மேல் மேசைகளில் அது வீதத்தில் குறைவாக விழும், அந்த அளவில் நண்பன் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் எதிரே இருப்பவரும் அங்கே கெட்டிக்காரர்.

சரி, எப்போது ஏறலாம்? அடுத்த படி 5–10 சதம், ஒரு தரம் உட்கார 10 டொலர். கணக்கு 300 டொலரைத் தொட்டதும் ஏறுங்கள், அதுவும் வென்ற காசாலேயே. முப்பது தரம் உட்காரும் காசு அது. ஏறிய பிறகு கணக்கு 200 டொலருக்கு இறங்கினால் அன்றைக்கே பழைய மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த 200ஐ ஏறுவதற்கு முன்பே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் இரவில் இறங்கும் எல்லையை ஒருவராலும் நேர்மையாகப் போட முடியாது. உரும்பிராய்ப் பக்கம் தோட்டக்காரர் வெங்காயத்துக்கு எவ்வளவு நல்ல விலை வந்தாலும் விதைக்கென்று கட்டித் தூக்கியதில் கை வைப்பதில்லை. உங்கள் 116 டொலரும் அப்படி விதைக்கு வைத்ததுதான்.

2000 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் வென்ற கிறிஸ் பெர்குசன் பிறகு ஒரு பரிசோதனை செய்தார். ஒரு சதமும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டொலர் சேர்த்தார். காசு மேசையில் தன் மொத்தப் பணத்தின் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டு உட்காருவதில்லை என்பது அவர் வைத்த விதி. உலக வெற்றியாளரே அப்படி. நீங்கள் கேட்பதோ 216இல் 25, அதாவது 11 சதவீதத்துக்கும் மேல்.

ஆனால் அவர் ஆடிய புல் டில்ட் தளத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், வாடிக்கையாளராக உங்களுக்கு அதுதான் முக்கியம். 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, ஆட்டக்காரர்களின் வைப்பைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தளத்திடம் காசு இருக்கவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியதே 2014இல். திரையில் தெரியும் 116 டொலர் வங்கிக்கு வரும்வரை தளத்தின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே மேசை மாறும் யோசனையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கிழமையே 20 டொலரை எடுத்துப் பாருங்கள். என்ன அடையாள ஆவணம் கேட்கிறார்கள், எத்தனை நாள் இழுக்கிறது, கட்டணமும் நாணய மாற்றும் கழிந்து ரூபாவில் எவ்வளவு வந்து சேருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கும் எழுதுங்கள்.