நூல் மதிப்புரையில் பிழை: கேள்வி பதில்

கே: நான் சொல்லாததைச் சொன்னதாக ஓர் ஆய்விதழ் மதிப்புரை எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

ப: இரண்டு நாள் சும்மா இருங்கள். பிறகு மதிப்புரையை அச்செடுத்து, வரிக்கு வரி ‘தகவல்’, ‘கருத்து’ என்று ஓரத்தில் குறியுங்கள். “வாதம் வலுவில்லை” கருத்து, விட்டுவிடுங்கள். “கல்வெட்டுகளைப் பார்க்கவே இல்லை” தகவல். உங்கள் 3ஆம் இயல் முழுக்கக் கல்வெட்டு என்றால் பிழை.

மதிப்புரைப் பகுதியின் ஆசிரியருக்கு 300 சொல்லுக்குள் எழுதுங்கள்: மதிப்புரையாளர் எழுதிய வரி, நூலில் உள்ள வரி, பக்க எண், வேண்டிய திருத்தம். அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையுங்கள். உங்கள் நூல் மதிப்புரையாளரிடம் போய்விட்டது, இதழாசிரியர் மேசையில் இருக்காது. திருத்தம் வேண்டுமா, பதில் கடிதமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பதில் கடிதம் போட்டால் பல இதழ்கள் மதிப்புரையாளரின் மறுபதிலையும் சேர்த்தே போடும். கடைசி வார்த்தை அவருடையதாகிவிடும். சிறு பிழைக்குத் திருத்தமே போதும்.

கே: ரொம்பக் கடுமையாக எழுதியிருக்கிறார். நீக்கச் சொல்லலாமா?

ப: கருத்து. மேலே பார்க்க.

கே: மதிப்புரையாளர் என் போட்டியாளர்.

ப: ‘பகை’ என்று எழுதினால் கடிதம் குப்பைக்கு. அதே பொருளில் அவரும் நூல் எழுதிவருகிறார், அதை இதழுக்குச் சொல்லவில்லை என்று ஆதாரம் காட்டுங்கள். இதழ் கைவிரித்தால், அது ‘கோப்’ எனும் பதிப்பு நெறிக் குழுவில் உறுப்பினர் என்றால் அங்கே போகலாம். இதழ் முறைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மதிப்புரை சரியா என்று அல்ல.

கே: வக்கீல் நோட்டீஸ்?

ப: வேண்டவே வேண்டாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பற்றிய ஒரு நூலுக்கு 2007இல் இணையத்தில் மதிப்புரை வந்தது. நீக்கச் சொன்னார் நூலாசிரியர். தளத்தின் ஆசிரியர் ஜோசப் வைலர் மறுத்து, பதில் எழுதினால் வெளியிடுகிறேன் என்றார். நூலாசிரியர் பாரிஸில் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். 2011 மார்ச்சில் தோற்றார். வைலருக்கு 8,000 யூரோ தரவும் உத்தரவானது. பெரிதாகப் பேசப்படாத மதிப்புரையை வழக்குதான் உலகத்தைப் படிக்கவைத்தது.

கே: அது பிரான்ஸ் சட்டம். இங்கே வேறல்லவா?

ப: இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவைப் படியுங்கள். பொதுமக்கள் பார்வைக்கு வைத்த படைப்பின் தரத்தை நல்லெண்ணத்தோடு விமர்சிப்பது அவதூறல்ல, விதிவிலக்காகவே எழுதியிருக்கிறது.

கே: ‘நல்லெண்ணம்’ இல்லை என்று நிரூபித்தால்?

ப: எத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைவீர்கள்? அதற்குள் அடுத்த நூலே வந்துவிடும்.

கே: என்னைத் திட்டியிருக்கிறார்…

ப: மூன்றாவது முறை. கருத்து.

கே: 2019இல் வந்த மதிப்புரை. இப்போது எழுதலாமா?

ப: பதில் கடிதத்துக்குப் பல இதழ்கள் கெடு வைத்திருக்கும், விதியைப் பாருங்கள். தகவல் பிழை என்றால் கெடு தாண்டியும் திருத்தம் கேட்டுப் பார்க்கலாம். பக்க எண்ணை மறக்காதீர்கள்.