வெறும் கட்டங்களும் இலங்கைக் கல்லும்

கடிதம்:

அண்ணா வணக்கம். நான் முள்ளியவளைப் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ஆவர்த்தன அட்டவணை, அதுதான் மூலகங்களைக் கட்டம் கட்டமா அடுக்கின அட்டவணை, தொடங்கின அண்டைக்கே ஒரு பெடியன் கேட்டான், ரீச்சர், ரஷ்ய விஞ்ஞானி மென்டலீவ் இதைக் கனவிலதான் கண்டவராம், ரியூசன் சேர் சொன்னவர், உண்மையோ எண்டு. நான் சிரிச்சு மழுப்பிப்போட்டன். இன்னொரு பிள்ளை, இதில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ, முழுக்க வெள்ளைக்காரர்தானே எண்டாள். அதுக்கும் என்னட்ட விடை இல்லை. சோதினைக்கு வராது எண்டு தெரியும், எண்டாலும் நேரம் கிடைச்சா எழுதுங்கோ. என்ர பேரைப் போடாதேங்கோ.

பதில்:

ரீச்சர், கனவை முதல்ல முடிச்சுவிடுவம். அது மென்டலீவ் தானா எழுதி வச்ச கதை இல்லை, சிநேகிதர் ஒருத்தர் சொன்னதெண்டு பிறகு பரவினது. ரஷ்யாவின்ர பழைய கலண்டர்ப்படி 1869 மாசியில அவர் கீறின தாள் இண்டைக்கும் இருக்கு, முழுக்க வெட்டும் கொத்தும். கனவில முழுசாக் கண்டவன் ஏன் இவ்வளவு வெட்டுறான்?

அதோட அவர் தனிய நிண்டு செய்ததும் இல்லை. 1860இல ஜேர்மனியில கார்ல்ஸ்ரூவில நடந்த இரசாயனக்காரரின்ர கூட்டத்தில கனிசாரோ எண்ட இத்தாலிக்காரர் அணுத்திணிவுகளை ஒழுங்காக்கிற வழியைச் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் ஒரே கணக்கு கைக்கு வரத் தொடங்கினது, அந்தக் கூட்டத்தில மென்டலீவும் இருந்தவர், பிறகு அவரோட போட்டிக்கு நிண்ட லோதர் மேயரும் இருந்தவர். லண்டனில நியூலண்ட்ஸ் எண்டவர், திணிவுப்படி அடுக்கினா எட்டாவது மூலகம் முதலாவதைப் போல வருது எண்டு 1866இல இரசாயனச் சபையில சொல்ல, ஒருத்தர் எழும்பி, அகரவரிசையில அடுக்கிப் பாத்தனீரோ எண்டு நக்கலடிச்சவர். அந்த நியூலண்ட்ஸுக்கு 1887இல கூப்பிட்டு மெடல் குடுத்தவை.

அப்ப ஏன் மென்டலீவின்ர பேர் நிண்டது? என்னைக் கேட்டா, அவர் வெறும் கட்டம் விட்டதால. விட்டது மட்டுமில்லை, அதுக்குள்ள வரப்போற மூலகத்தின்ர திணிவு என்ன, அடர்த்தி என்ன எண்டு 1871இலயே எழுதியும் வச்சிட்டார், பிழைச்சா ஊரே சிரிக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டு. 1875இல லெகொக் த புவாபோட்ரன் எண்ட பிரெஞ்சுக்காரர் அப்பிடி ஒரு வெறும் கட்டத்துக்குரிய கலியத்தைக் கண்டுபிடிச்சு அடர்த்தி 4.7 எண்டார். மென்டலீவ் அந்த உலோகத்தைக் கண்ணாலயும் காணேல்லை, ஆனா எழுதினார், 5.9க்குக் கிட்ட வரவேணும், திருப்பி அளந்து பாரும் எண்டு. சுத்தப்படுத்தி அளந்தா 5.9. என்ன துணிவு பாருங்கோ!

இடம்பத்துக்கும் குறைவில்லை. அவர் அடுக்கினது திணிவு வரிசையில. குணத்தைப் பாத்தா தெலூரியம் அயடீனுக்கு முன்னால வரவேணும், ஆனா அதின்ர திணிவு அயடீனை விடக் கூட, உடன அளந்தவைதான் பிழை எண்டு நிண்டுகொண்டார். அளந்தவையும் பிழையில்லை, இவர் அடுக்கினதும் பிழையில்லை. 1913இல மோஸ்லி எண்ட இங்கிலாந்துப் பெடியன் எக்ஸ்ரே வச்சு வரிசையைத் தீர்மானிக்கிறது திணிவில்லை, அணுவெண் (அணுக்கருவில இருக்கிற புரோத்தன்களின்ர எண்ணிக்கை) எண்டு காட்டினாப் பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது, அதுக்குள்ள மென்டலீவ் செத்து ஆறு வருசம். மோஸ்லியும் கனகாலம் இருக்கேல்லை, 1915இல கலிப்பொலிச் சண்டையில செத்துப்போனார், 27 வயசு. இதை வன்னிப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி மற்றப் பிள்ளையின்ர கேள்வி. ஆக்கள் குறைவுதான், ஆனா கல்லு இருக்கு. 1789இல பேர்லினில கிளாப்ரோத் சேர்க்கோனியத்தைக் கண்டது இலங்கையில இருந்து போன சேர்க்கோன் கல்லுக்குள்ள. அதே சேர்க்கோன் உங்களுக்குக் கிட்ட, கொக்கிளாய் தாண்டிப் புல்மோட்டைக் கறுப்பு மணலுக்க இப்பவும் கிடக்கு (அந்த மணலை ஆர் அள்ளுறது எண்ட கதைக்குள்ள போனா விடிஞ்சிடும்).

பிறகு 1904இல தோரியனைற்று எண்ட, தோரிய மூலகம் உள்ள, கறுத்த, பாரமான கல்லு இலங்கையில அம்பிட்டுது. அப்ப இங்க கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பா இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஓம், கலைகளைப் பற்றி எழுதின அதே ஆள்தான், சேர் முத்து குமாரசுவாமியின்ர மகன், தொடக்கத்தில அவர் ஒரு புவிச்சரிதவியல்காரர். அந்தக் கல்லு லண்டனில ராம்சேயின்ர லாப்புக்குப் போச்சு, நியோன், கிரிப்டன் எல்லாம் அட்டவணைக்குள்ள கொண்டு வந்தவர் அவர். அவரிட்ட வேலை பழக வந்த ஒட்டோ ஹான் 1905இல அந்தக் கல்லில இருந்து பிரிச்ச உப்புக்குள்ள ரேடியோதோரியம் எண்ட கதிர்வீசுற பொருளைக் கண்டார். புது மூலகம் எண்டுதான் நினைச்சது, ஆனா அதைத் தோரியத்தில இருந்து இரசாயன முறையில பிரிக்கவே ஏலாமப் போச்சு, அட்டவணையில இருத்தக் கட்டமும் இல்லை. இப்பிடிக் கன சாமான் வந்து குவிய, 1913இல சொடி எண்ட இங்கிலாந்து விஞ்ஞானி சொன்னார், ஒரே கட்டத்துக்குள்ள வேற வேற திணிவில பலபேர் இருக்கலாம் எண்டு. நீங்கள் படிப்பிக்கிற சமதானி அதுதான்.

அதே லாப்பில ஒகாவா எண்ட ஜப்பான்காரரும் இந்தக் கல்லைப் பிடிச்சவர். 43ஆம் மூலகத்தைக் கண்டிட்டன் எண்டு 1908இல அறிவிச்சு நிப்போனியம் எண்டு பேரும் வச்சார். வேற ஒருத்தராலயும் திருப்பிக் காட்ட ஏலேல்லை, பேரை எடுத்துவிட்டினம். கனகாலத்துக்குப் பிறகு ஜப்பானில ஒகாவாவின்ர அளவுகளைத் திருப்பிப் பாத்தவை சொல்லுகினம், மனுசன் கண்டது 75, ரீனியம், 43க்கு நேர கீழ்க் கட்டம். 1925இல ஜேர்மன்காரருக்குப் போன பேர் அது. எனக்கு இந்தக் கதையில வாற ஆக்களுக்குள்ள இவரிலதான் கூட இரக்கம்.

பெருமையடிக்கச் சொல்லேல்லை ரீச்சர், கல்லு இங்க இருந்து போனது, அளந்தது அங்க, அதையும் அந்தப் பிள்ளைக்கு மறைக்காமச் சொல்லுங்கோ.

வகுப்பில ஒண்டு செய்து பாக்கலாம். மென்டலீவ் வெறுமையா விட்ட இன்னொரு கட்டமான ஜேர்மேனியத்தை மறைச்சுப்போட்டு, அதைச் சுத்தி இருக்கிறதின்ர அணுத்திணிவுகளை எடுத்து, மேல சிலிக்கன் 28.1, கீழ வெள்ளீயம் 118.7, இடப்பக்கம் கலியம் 69.7, வலப்பக்கம் ஆசனிக்கு 74.9, நாலையும் கூட்டி நாலால பிரிக்கச் சொல்லுங்கோ. 72.85 வரும், உண்மை 72.6, மென்டலீவ் சொன்னது 72. பிள்ளையள் குசியா இருக்கேக்க தெலூரியத்துக்கும் அதே கணக்கைக் குடுங்கோ: செலனியம் 79, பொலோனியம் 209, அந்திமனி 121.8, அயடீன் 126.9. விடை 134 வரும், உண்மை 127.6தான். குழம்பட்டும். பொலோனியத்தின்ர வரிசையில லாந்தனைட்டுகள் (அட்டவணைக்குக் கீழ தனி வரிசையாப் போடுற மூலகங்கள்) முழுக்க இடையில வந்து புகுந்து திணிவை ஏத்தி விட்டிட்டுதுகள், அதுதான் காரணம், அதில கனக்க அந்தப் புல்மோட்டை மணலின்ர மொனசைட்டு எண்ட கனிமத்துக்குள்ளயே இருக்கு.