பெரட்டில் பேசினால் பெண்கள் நழுவத்தான் செய்வார்கள்

சகோதரி, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்ததும் பெண்கள் கலைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோரும் கணக்கெழுதும் கிராணியும் பக்கத்தில் நின்றால் யார் வாய் திறப்பார்கள்? பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில், அரசாங்கக் கிளினிக் மிசியை (தாதியை) வரவழைத்துப் பேசவையுங்கள். வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அதுவும் புற்றுநோயாக இருக்கலாம் என்பதை முதலில் சொல்லட்டும். தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, இரத்தம் கசிவது போன்ற அறிகுறிகள் அடுத்து.

சுயபரிசோதனை மாதவிடாய் முடிந்த சில நாளில்; அப்போது வீக்கம் குறைவு. மாதவிடாய் நின்றவர்கள் மாதம் ஒரே தேதியில்.

40 வயதான சந்தாதாரர்களுக்குச் சொக்சோவின் (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் மெமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே உண்டு. தகுதியைக் கேட்டுப் பாருங்கள். அன்று அக்குளில் பவுடர் வேண்டாம், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும். அன்றைய சம்பளத்தைப் பிடிக்கமாட்டோம் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நாள் சம்பளக்காரர்கள் பரிசோதனைக்குப் பின்வாங்குவது வெட்கத்தால் மட்டும் அல்ல, இதனாலும்தான்.